முதுநகரிலிருந்து நாம் எடுத்து வந்த நட்சத்திரம்

தம்பி,

பெங்களூரில் உன் புது மேசையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, அப்போது நான் வேலை பார்க்கும் நூலகத்தில் இருந்தேன். கணினிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சின் மேல் அந்தச் சிவப்பு நட்சத்திரம். கீழே “ராசியான பீஸ்” என்று எழுதியிருந்தாய். நான் உடனே பதில் போடவில்லை. வேலை ஜாஸ்தி என்று பிறகு சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை. படத்தைப் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நட்சத்திரத்தை நீ எடுத்துக்கொண்டு போய், யார் வீட்டிலிருந்து வந்ததோ அவரிடம் கொடுத்துவிட வேண்டும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அந்த நட்சத்திரம் நம் கைக்கு வந்த கதையை நீ நம் சேகரிப்பாளர்கள் குழுவில் எழுதினாய். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சபாஷ் போட்டார்கள், நான் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு ஏற்றுக்கொண்டேன். அங்கே சிரித்தவர்கள் படிக்கும்படி இதைச் சொல்வதுதான் முறை என்று தோன்றியது. அதனால் குழுவின் ஆண்டு மலருக்கே இதைக் கொடுத்திருக்கிறேன். கல்யாண வீட்டில் படம் எடுக்கும்போதுகூட ஓரமாக நகர்ந்துகொள்கிறவள் நான், உனக்குத் தெரியும். என் பெயரோ உன் பெயரோ இதில் இருக்காது. நட்சத்திரத்தைக் கொடுத்த அம்மாவின் பெயரையும் அவர் தம்பியின் பெயரையும் மாற்றிவிட்டேன்.

மலரைப் படிப்பவர்களில் நாணயம், தபால்தலை சேர்ப்பவர்களே அதிகம் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அம்மாவும் பிள்ளையுமாக நாம் சேர்ப்பது சோவியத் ஒன்றியத்தின் சட்டை பேட்ஜுகள். அந்த நாடு இப்போது இல்லை. இருந்த காலத்தில், சொல்ல நினைத்ததையெல்லாம் பேட்ஜாக அடித்து ஜனங்களின் நெஞ்சில் குத்திவிட்டது: அணை கட்டினால் ஒன்று, அறுவடைக்கு ஒன்று, விண்வெளிக்குப் போனால் ஒன்று, பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று. நம் மாவட்டத்துக்கு அவை வந்து சேர்ந்த வழி நெய்வேலி. அனல்மின் நிலையம் கட்ட வந்த ரஷ்ய இன்ஜினியர்கள் டிரைவருக்கும் சமையல்காரருக்கும் வயர்மேனுக்கும் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்றும் வடலூர், குறிஞ்சிப்பாடி பக்கம் பழைய பீரோக்களில் ஊசியும் பொத்தானும் போட்டு வைக்கும் டப்பாவைத் திறந்தால் ஒன்றிரண்டு கிடைக்கும்.

நீ பிறக்கும்போது எனக்கு வயது பத்தொன்பது. படிப்பைப் பாதியில் விட்டிருந்தேன். சிதம்பரம் மேல வீதிப் பக்கம் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் புத்தகம் வாங்கி வருவேன். அப்படி வந்த ஒரு புத்தகத்தின் அட்டை உள்பக்கத்தில் முதல் பேட்ஜ் குத்தியிருந்தது. நீ அதை வாயில் போடப் பார்த்தாய், நான் பிடுங்கினேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் ரஷ்ய எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். சமையலறைத் தரையில் நீ சிலேட்டில் அ, ஆ எழுதுவாய். பக்கத்தில் உட்கார்ந்து நான் என் அ, ஆவை எழுதுவேன். நீ என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டாய் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நாம் அம்மா பிள்ளையாக இருந்ததைவிட ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேராக இருந்ததுதான் அதிகம். அதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போது அந்தப் பெருமையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

ஒரு பொங்கலுக்கு முன்னால் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பூஜைச் சாமான்களையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் நீ முற்றத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த புளியை வைத்து என் பேட்ஜுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். குத்துவிளக்கைப்போல அவையும் பளபளவென்று ஆகட்டும், அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருக்கிறாய். பழைய பேட்ஜின் மேல் காலம் ஏற்றிய கறுப்பு அப்படியே இருக்க வேண்டும்; அது போய்விட்டால் மதிப்பும் போய்விடும். நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. உன் கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கித் துணியில் சுற்றிவிட்டு, மறுநாள் பொங்கல் பொங்கும்வரை உன்னோடு பேசவில்லை. நீ புளி ஊறிச் சுருங்கிய விரல்களோடு என் பின்னாலேயே வந்தாய். அதற்கப்புறம் ஒரு பேட்ஜையும் நீ கேட்காமல் தொட்டதில்லை. பிள்ளைக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். பொருளுக்கு ஒன்று ஆகிவிட்டால் மனிதரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காக்க வைக்கலாம் என்பதைத்தான் அன்று நீ கற்றுக்கொண்டிருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது.

கடலூர் முதுநகரில் நடந்ததற்கு வருகிறேன். மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெரால்டு என்பவர் போன் செய்தார் என்று நீதான் சொன்னாய். அவருடைய அப்பா நெய்வேலியில் ரஷ்யர்களுக்கு ஜீப் ஓட்டியவர், காலமாகிப் பல வருடம் ஆகிறது; வீட்டு ஓட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்திருக்கிறது, வந்து பார்த்து விலை சொல்ல வேண்டும். கடலூர் துறைமுகத்துப் பக்கம் சின்ன வீடு. முன்னறையில் தையல் மெஷின், தைத்து முடித்த ரவிக்கைகளின் அடுக்கு. ஜெரால்டின் அக்கா பிலோமினா தையல்காரர். நாம் தரையில் துணி விரித்து டின்னைக் கொட்டினோம். நான் வழக்கம்போல ஒவ்வொன்றையும் முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன், எந்த ஆலையில் அடித்தது என்கிற முத்திரை அங்கேதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நியாயமான விலையைச் சொன்னேன், நீ எழுதிக்கொண்டாய். அதுவரை நாம் செய்ததில் ஒரு குறையும் இல்லை. ஜெரால்டு நம் கையெழுத்தைக்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு நம்பினார்.

எழுந்திருக்கும்போதுதான் மாதா பீடத்தைப் பார்த்தேன். சொரூபத்தின் காலடியில் நீல வெல்வெட் துணி, அதில் குத்திய சிவப்பு நட்சத்திரம், அதன் நடுவில் சுருள்முடிக் குழந்தையின் பொன்னிற முகம். பக்கத்தில் அன்றைய மல்லிகை. அது என்னவென்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் சட்டையில் குத்திவிடும் பேட்ஜ். அந்த முகம், அந்த நாட்டை நிறுவிய தலைவர் குழந்தையாக இருந்தபோது இருந்த முகம். கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பிலோமினா உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வந்து கழற்றிக் கொடுத்தார். திருப்பினேன். நான் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்த ஆலையின் முத்திரை. இதையும் சேர்த்துக்கொள்ளலாமா என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே அதைத் திரும்ப வாங்கி வெல்வெட்டில் குத்தினார். “அது குழந்தை ஏசு மேடம். அத எப்படிக் குடுக்கறது?”

பிறகு அவர் சொன்னதை எல்லாம் நானும் கேட்டேன், நீயும் கேட்டாய். குழுவில் எழுதும்போது இந்தப் பகுதியை நீ விட்டுவிட்டாய். கதைக்கு இது தேவைப்படவில்லை போலிருக்கிறது. பிலோமினா பிறந்த செய்தி வந்த அன்று அவர் அப்பா ஜீப்பில் ஒரு இன்ஜினியரின் மனைவியை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். பாஷை தெரியாமல் சைகையால் தனக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று சொன்னபோது, அந்த அம்மாள் தன் பையன் சட்டையிலிருந்தே கழற்றிக் கொடுத்தாராம். நட்சத்திரமும் குழந்தையும் சேர்ந்திருந்தால் கிறிஸ்தவ வீட்டில் வேறு என்னவென்று நினைப்பார்கள்? பிலோமினாவின் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ஜன்னி கண்டு பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்போது இதை அவன் பனியனில் குத்திவிட்டு இரவும் பகலும் ஜெபித்திருக்கிறார். பிழைத்துக்கொண்டான். உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன், இப்போது சரக்குக் கப்பலில் வேலை. ஒவ்வொரு துறைமுகத்திலிருந்து கிளம்புமுன்னும் வீடியோவில் கூப்பிட்டு “ஸ்டாரக் காட்டும்மா” என்பானாம். இவர் போனைப் பீடத்துக்குக் கிட்டே கொண்டுபோவாராம்.

இதையெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் நான் வாய் திறந்தேன். கேட்காமல் சொல்லியிருந்தால் தெரியாமல் செய்தேன் என்றாவது ஒதுங்கிக்கொள்ளலாம். அது இயேசு இல்லை என்றேன். யார் என்று சொன்னேன். நம்ப மாட்டார்கள் என்று போனில் அதே பேட்ஜின் படங்களை எடுத்துக் காட்டினேன். வரிசையாகப் பிள்ளைகள், எல்லோர் நெஞ்சிலும் அதே நட்சத்திரம். அந்தத் தலைவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்பதையும், யாரும் கேட்காமலே, சேர்த்துச் சொன்னேன்.

ஜெரால்டுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏங்க்கா, இத்தினி வருசமா கட்சித் தலைவருக்கா மெழுகுவத்தி ஏத்திக்கினு இருந்த?” என்றார். நீ சிரித்தாய். நானும், மரியாதையாக, வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். பிலோமினா போனில் அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப எடுத்துக்குங்க” என்றார். நான் காசை நீட்டியபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நீ சொன்னாய்: “செம, அம்மா. பேரமே பேசல. ஒரு உண்மையச் சொன்ன, கழட்டிக் குடுத்துட்டாங்க.” நான் மறுத்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆலப்பாக்கம் தாண்டும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து, வரிசையில் காலியாக வைத்திருந்த இடத்தில் அதைக் குத்தினேன். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அந்தப் பக்கம் போனேன். அப்போதுதான் ஒரு கேள்வி வந்தது. பிலோமினா அன்றைக்கு, குழந்தை இயேசுதான், இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்திருந்தால், அது யார் என்று நான் அவரிடம் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன். நன்றி சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பேன். அவர் தர மறுத்ததால்தான் எனக்கு உண்மை தேவைப்பட்டது. பூட்டிய கதவைத் திறக்க வேறு கருவி இல்லாமல் அதை எடுத்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்து உன்னிடம், பொய் சொல்லாதே, பேட்ஜைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேன். உண்மையை எதற்காகச் சொல்கிறோம் என்று ஒரு தடவையாவது கேட்டுக்கொள் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரிந்திருக்கவில்லை.

பழம்பொருள் ஏலக் கம்பெனியில் வேலை கிடைத்து நீ பெங்களூருக்குக் கிளம்பிய அன்று அதை எடுத்து உன் பையில் வைத்தேன். நான் ஆசையாகச் சேர்த்ததிலிருந்து உனக்கென்று ஒன்றைக் கொடுத்ததாக நினைத்து நீ கண் கலங்கினாய். அதுவும் என் கணக்கில்தான் சேர்கிறது. என் கண்ணில் படாத இடத்துக்கு அது போகட்டும் என்றுதான் கொடுத்தேன்.

போன மாதம் லீவு போட்டுவிட்டு முதுநகருக்குத் தனியாகப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் போகும்போது என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வாசித்த புத்தகங்களிலிருந்தெல்லாம் நல்ல நல்ல வாக்கியங்கள் வந்தன. பிலோமினா மெஷினில் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஊசியைத் தூக்கி நிறுத்திவிட்டு, “கொண்டாந்திருக்கீங்களா?” என்று கேட்டார். அவ்வளவு தூரம் யோசித்துக்கொண்டு போனவள், கையை வீசிக்கொண்டு போயிருக்கிறேன். மகனிடம் இருக்கிறது, பெங்களூரில், என்றேன். அவர் மறுபடி தைக்க ஆரம்பித்தார்.

நான் தயார் செய்ததைச் சொன்னேன். அந்த நாட்டுக்காரர்களும் பிள்ளைகள் கும்பிட வேண்டும் என்று நினைத்துத்தான் அந்த முகத்தை அப்படிச் செய்தார்கள். கோயிலில் இருந்ததை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தார்கள். அப்படிப் பார்த்தால் நீங்கள் புரிந்துகொண்டது தப்பே இல்லை, என்றேன். அவர் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, “நீங்க படிச்சவுங்க. எதுக்கும் ஒரு காரணம் வச்சிருப்பீங்க” என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல், தம்பி, நான் பொய் சொன்னேன். அந்த மாதிரி நட்சத்திரங்களில் பல வகை உண்டு, நான் பார்த்தது தவறாகக்கூட இருக்கலாம், உங்களுடையது வேறாக இருக்கலாம் என்றேன்.

“வேணாம் மேடம்,” என்றார் பிலோமினா. “அன்னிக்கு சொன்னப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். அவ்ளோ சந்தோசம். அதான் நெசம்.”

எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அவர் டீ போட்டுக் கொண்டுவந்தார். கோயிலில் ஃபாதரிடம் சொன்னாராம். பரவாயில்லம்மா, நீ யாரை நினைத்துக் கும்பிட்டாயோ அவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும் என்று ஃபாதர் சொன்னாராம். “அவரு சொல்லிட்டாரு. மனசு கேக்கணுமே. நட்சத்திரம் இல்லாத எடத்துலயும் கும்புட முடியல, அத நெனச்சும் கும்புட முடியல.” ஜெரால்டு தெருவில் இரண்டு மூன்று பேரிடம் கதையைச் சொல்லிச் சிரித்ததில் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றிருக்கிறது. மகனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. கப்பல் இரண்டு இடத்தில் நின்றபோது அவன் கூப்பிட்டு ஸ்டாரைக் காட்டச் சொன்னானாம். பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்று சமாளித்திருக்கிறார். ஈஸ்டரை ஒட்டிய பெரிய வாரத்துக்கு முன்னால் லீவில் வரப்போகிறான். வந்ததும் வீட்டுக்குள் நுழைந்து முதலில் பீடத்தைத்தான் பார்ப்பான்.

“எனக்கு அது போயிடிச்சு மேடம், விடுங்க. அவன் கடல்ல இருக்கறவன். அவனுக்கு இருக்கட்டும்.”

இவ்வளவுதான் அவர் கேட்டது. தனக்குத் தெரிந்த ஒன்றை மகனுக்குத் தெரியாமல் தனியாக வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார். அது சரியா தவறா என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் இன்னொரு முறை எதையும் எடுத்துச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நமக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்து உன்னை வளர்த்தவள், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அதனால் நீ வர வேண்டும். கூரியரில் அனுப்பாதே. எனக்கு அனுப்பிவிட்டு என்னைப் போகச் சொல்லாதே. இந்த மாதக் கடைசி சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் காலையில் கடலூரில் இறங்கலாம். கண்ணாடிப் பெட்டி வேண்டாம். அதில் வைத்தால் அது மறுபடி நம்முடைய பொருளாகத் தெரியும். வீட்டுக்குள் போனதும் உன் பெயரைச் சொல்லாமல், அன்றைக்கு வந்த மேடத்தின் மகன் என்று சொல். அவர் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள். விளக்கம் கொடுக்காதே, என் சார்பாக மன்னிப்பும் கேட்காதே. அதை நானே கேட்டுக்கொள்கிறேன். டீ கொடுத்தால் குடி. ஜெரால்டு இருந்து, மறுபடி அந்தக் கதையை எடுத்தால் நீ சிரிக்காமல் இருக்க வேண்டும். அது உனக்குச் சிரமமாக இருக்கும், ஏனென்றால் அவர் நன்றாகத்தான் பேசுவார்.

இனிமேல் வீடு வீடாகப் போய், செத்துப்போனவர்களின் சாமான்களைத் திருப்பிப் பார்த்து மதிப்புச் சொல்வதுதான் உன் வேலை. நீ கெட்டிக்காரன். பின்பக்கத்து முத்திரையை என்னைவிட வேகமாகப் படிக்கிறாய். எத்தனையோ வீடுகளில், தர மாட்டேன் என்று யாராவது சொல்வார்கள். அப்போது அந்தப் பொருளைப் பற்றி அவர்களுக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் உனக்கு என் ஞாபகம் வந்தால், பஸ்ஸில் சிரித்துக்கொண்டு வந்த என்னை நினைத்துக்கொள்.

அன்றைக்கு நீ பார்க்காத ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நீ வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய். பிலோமினா அந்த நட்சத்திரத்தை என்னிடம் கொடுப்பதற்கு முன் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துவிட்டு, பழக்கத்தில், முத்தி செய்ய அதை உதட்டுக்குக் கொண்டுபோனார். பாதியில் என்னைப் பார்த்தார். கை நின்றுவிட்டது. முத்தியும் செய்யாமல், கீழேயும் இறக்காமல், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற வெட்கத்தோடு, அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

நான் கையை நீட்டினேன்.

— அம்மா